காணாமற்போன 2 அவுன்ஸ்

2021 மார்கழி. கொரோனாவால் தள்ளிப்போன உயர்தரப் பரீட்சைக்கு நாங்கள் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்த காலம். எங்களில் ஒருவரின் வீடு கிளிநொச்சியில், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களுக்குப் பக்கத்தில். பெரும்போக நெல் மட்டம் வெடிக்கிற பருவம். கடும்பச்சையாக நிற்கவேண்டிய வயல் வெளிறிப்போய் நின்றது. பெரியப்பா ஒரு நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து திண்ணையில் போட்டார். "அடியிலைதான் முதல்ல மஞ்சளடிக்குது, குருத்து இன்னும் பச்சையாத்தான் இருக்கு. பாத்தியே? பயிர் தன்ர உடம்பையே தின்னத் தொடங்கீட்டுது" என்றார்.

நாங்கள் கலைப்பிரிவு. சாதாரண தரத்தோட விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். அண்டைக்கு அவர் சொன்னது ஏதோ கவிதை மாதிரித்தான் எங்களுக்குப் பட்டது. அவர் சொன்னது அச்சொட்டான தாவர உடற்றொழிலியல் என்று விளங்க எங்களுக்கு மூன்று வருசம் எடுத்தது. பயிர் எதைத் தின்கிறது, தின்றது எந்த வழியால் எங்கே போகிறது என்ற கேள்விகளுக்கு மனிதர்கள் பதில் தேடிய கதை ஏறத்தாழ 400 வருசம் நீளமானது. அந்தக் கதை ஆய்வுகூடத்துக்குள் மட்டும் நடந்ததும் இல்லை. கப்பல், குண்டு, தடை, வர்த்தமானி எல்லாம் அதற்குள் இருக்கு. வரலாறு படிக்கிறவர்கள் அதைத் தாவரவியல்காரரிடம் விட்டுவிடக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஒரு வில்லோ மரமும் ஒரு தராசும்

மிக நீண்ட காலமாக ஐரோப்பாவில் எல்லோரும் நம்பியது அரிஸ்டோட்டிலின் வழிவந்த கருத்தை. விலங்குக்கு வயிறு எப்படியோ, செடிக்கு மண் அப்படி. மண்ணிலேயே சமித்துத் தயாரான உணவை வேர் உறிஞ்சிக்கொள்கிறது, அதனால்தான் செடிக்குக் கழிவும் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். செடியைப் பிடுங்கினால் வாடுகிறது, எருப் போட்டால் செழிக்கிறது. வேறென்ன வேண்டும்?

பிரசல்ஸ் நகரத்து வைத்தியர் யான் பப்ரிஸ்ற் வான் ஹெல்மொன்ற் இதை நிறுத்துப் பார்த்தார். சூளையில் காயவைத்த மண் 200 இறாத்தல், அதில் 5 இறாத்தல் நிறையுள்ள ஒரு வில்லோக் கன்று. தூசு விழாமல் மேலே துளையிட்ட தகடு. ஐந்து வருசம் மழைத்தண்ணீரைத் தவிர வேறொன்றும் விடவில்லை. ஐந்தாம் வருச முடிவில் மரம் 169 இறாத்தலும் ஏறத்தாழ 3 அவுன்ஸும். உதிர்ந்த இலைகளை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு மண்ணைத் திரும்பவும் காயவைத்து நிறுத்தார். குறைந்திருந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டும்.

மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பது இதோடு தெளிவானது. ஆனால் ஹெல்மொன்ற் எடுத்த முடிவு, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்பது. இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 'காஸ்' என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தவரே இந்த ஹெல்மொன்ற்தான். கரியை எரித்தால் வருகிற வாயுவைப் பற்றி எழுதியவரும் அவர்தான். அந்த வாயுதான் தன் மரமாக மாறியது என்று அவருக்குத் தெரியாது. திருச்சபை விசாரணைக்கு ஆளாகி வீட்டுக்காவலிலும் இருந்த மனிதர். வில்லோ மரத்தின் கதை அவர் இறந்து நான்கு வருசத்துக்குப் பிறகு, 1648 இல் மகன் வெளியிட்ட நூலில்தான் அச்சேறியது.

அந்த 2 அவுன்ஸை அவர் பெரிதாக எடுக்கவில்லை. 200 இறாத்தலில் 2 அவுன்ஸ் என்பது தராசுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும் என்று யாரும் நினைக்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 2 அவுன்ஸைப் பற்றியதுதான்.

1699 இல் இலண்டனில் ஜோன் வூட்வார்ட் புதினாச் செடிகளை வெவ்வேறு தண்ணீரில் வளர்த்தார். மழைத்தண்ணீரில் வளர்ந்தது சோனி. தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தது அதைவிடத் திறம். தோட்டமண் கரைத்த தண்ணீரில் வளர்ந்தது இன்னும் திறம். தண்ணீர் வெறும் வண்டில்தான், அது ஏற்றிவருகிற ஏதோ ஒன்றுதான் செடிக்கு வேண்டியது என்ற சந்தேகம் அப்போதே வந்துவிட்டது.

காற்றுக்குள் இருந்த மரம்

மிச்ச 164 இறாத்தல் எங்கேயிருந்து வந்தது? இதற்கான பதில் துண்டுதுண்டாக வந்தது. 1771 ஆவணியில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாளுக்குப் பிறகு அதே காற்றில் மெழுகுதிரி திரும்பவும் எரிந்தது. செடி காற்றைத் திருத்துகிறது. ஆனால் சில நாளில் அது வேலைசெய்தது, சில நாளில் செய்யவில்லை. காரணம் பிடிபடவில்லை. 1779 கோடையில் டச்சு வைத்தியர் யான் இங்கன்ஹவுஸ் மூன்று மாதத்தில் 500 க்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்து அதைக் கண்டுபிடித்தார். வெளிச்சம் வேண்டும், அதுவும் பச்சைப் பகுதிக்குத்தான் இந்த வேலை முடியும், இருட்டில் செடியும் எங்களைப் போலக் காற்றைக் கெடுக்கிறது. ஜெனீவாவின் செனபியே இதற்குக் காபனீரொட்சைட்டு தேவை என்று காட்டினார். அதே ஊரின் தியோடர் டி சொசூர் 1804 இல் எல்லாவற்றையும் நிறுத்துக் கணக்கெடுத்தார். காபன் காற்றிலிருந்து, கூடவே தண்ணீரும் உடலின் பகுதியாகிறது, நைதரசனும் கனியுப்புகளும் மண்ணிலிருந்து.

இன்றைய கணக்கில், காய்ந்த பயிரின் நிறையில் ஏறத்தாழ 96 வீதம் காபன், ஒட்சிசன், ஐதரசன். அதாவது காற்றும் தண்ணீரும். மிச்சம் 4 வீதம்தான் நைதரசன், பொற்றாசியம், பொசுபரசு, கல்சியம் மற்றதெல்லாம். நாங்கள் சாதாரண தரத்தில் பாடமாக்கிய 'ஒளித்தொகுப்பு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை பேரின் மெழுகுதிரியும் புதினாவும் இருக்கு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மேலே போகும் வழி, கீழே வரும் வழி

தின்றது எப்படிப் போகிறது என்பது அடுத்த கேள்வி. 17 ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மல்பீகி ஒரு மரத்தின் பட்டையை வளையமாக உரித்தார். மரம் உடனே சாகவில்லை, இலைகளும் வாடவில்லை. ஆனால் வளையத்துக்கு மேல்விளிம்பு வீங்கியது. எங்கட ஊரில் பதியம் வைக்கிற எந்த ஆச்சியும் இந்த வீக்கத்தைக் கண்டிருப்பா. தண்ணீர் உள்மரத்தால் ஏறுகிறது, அதனால் இலை வாடவில்லை. இலை சமைத்த சாப்பாடு பட்டையால் இறங்குகிறது, வழி வெட்டுப்பட்டதும் அங்கேயே தேங்கி வீங்குகிறது. பின்னாளில் உள்வழிக்குக் காழ் என்றும் வெளிவழிக்கு உரியம் என்றும் எங்கட பாடப்புத்தகங்கள் பெயர் வைத்தன.

மனித உடலில் இரத்தம் சுற்றுவதை ஹார்வி 1628 இல் எழுதிய பிறகு, செடியிலும் சாறு அப்படியே சுற்றவேண்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். இங்கிலாந்தின் ரெடிங்ரன் கிராமத்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1727 இல் வெளியிட்ட நூலில் அது இல்லையென்று காட்டினார். மூன்றரை அடிச் சூரியகாந்தி ஒன்றைச் சாடியோடு தினமும் நிறுத்தார். ஒரு பகலில் சராசரி 1 இறாத்தல் 4 அவுன்ஸ் தண்ணீர் ஆவியாகப் போனது. உடற்பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால் சூரியகாந்தி மனிதனைவிட 17 மடங்கு தண்ணீரை உள்ளெடுத்து வெளிவிடுகிறது என்று கணக்குப்போட்டார். செடிக்கு இதயம் இல்லை. இலையிலிருந்து ஆவியாகிப் போவதுதான் இழுக்கிறது.

ஆனால் 300 அடி மரத்தின் உச்சிக்கு எந்தப் பம்பும் இல்லாமல் எப்படித் தண்ணீர் போகும்? ஜெர்மனியின் ஸ்ட்ராஸ்பேர்கர் மரங்களை அடியில் வெட்டி நச்சுத் திரவத்தில் நிறுத்தினார். வழியிலிருந்த உயிர்க்கலங்களைக் கொன்றபடியே அந்த நஞ்சு மேலே ஏறியது. அப்படியென்றால் உயிருள்ள கலங்கள் தள்ளவில்லை. 1894 இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் விளக்கம் கொடுத்தார்கள்: தண்ணீர்த் துணிக்கைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து இழுபடும் கயிறு மாதிரி ஏறுகின்றன. கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ் இதை ஏற்கவில்லை. உயிர்க்கலங்கள் துடித்துத்துடித்துச் சாறை ஏற்றுகின்றன என்று 1923 இல் ஒரு நூலே எழுதினார். அந்த இடத்தில் போஸ் பிழை. ஆனால் செடிகள் தொடுகைக்கும் சூட்டுக்கும் மின் சமிக்ஞைகளால் பதில் சொல்கின்றன என்று அவர் சொன்னதை மேற்குலகம் நீண்டகாலம் நம்ப மறுத்தது, அது சரியாகத்தான் இருந்தது. குடியேற்ற நாட்டு விஞ்ஞானி என்பதற்காக அவரைத் தெய்வமாக்கவும் தேவையில்லை, தள்ளிவைக்கவும் தேவையில்லை.

இப்ப பெரியப்பாவின் நாற்றுக்கு வருவோம். வேர் எடுக்கிற நைதரசன் காணாமல் போனால் பயிர் சும்மா இருக்காது. முதிர்ந்த அடியிலையில் இருக்கிற புரதத்தையும் பச்சையத்தையும் உடைத்து, அதிலுள்ள நைதரசனை உரியத்தால் ஏற்றிக் குருத்துக்கு அனுப்பும். அடியிலை மஞ்சளாகும், குருத்து பச்சையாக நிற்கும். ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நகராத கல்சியம் மாதிரியான ஒன்று குறைந்தால், முதலில் கெடுவது குருத்துத்தான். இலை எங்கே மஞ்சளாகிறது என்று பார்த்தே எது குறைகிறது என்று ஊகிக்கலாம். 'தன்ர உடம்பையே தின்னுது' என்பதைவிடத் துல்லியமாக இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

எருவும் உப்பும்

சொசூருக்குப் பிறகும் ஐரோப்பா மண்ணின் மட்கையே பயிர் தின்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தது. அதை உடைத்ததாகப் புகழ்பெற்றவர் ஜஸ்டஸ் வொன் லீபிக், 1840 இல். அவருக்கு முன்பே கார்ல் ஸ்பிரெங்கல் அதைச் சொல்லியிருந்தார் என்பதும் பதிவில் இருக்கு. பயிருக்கு வேண்டிய பத்துச் சத்தில் ஒன்பது தாராளமாக இருந்தாலும், குறைகிற அந்த ஒன்றுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்பதே அவர்களின் விதி. ஒரு பலகை கட்டையான பீப்பாவில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தப் பலகையின் மட்டத்துக்கு மேல் நிற்காது. 2 அவுன்ஸின் மதிப்பு அப்போதுதான் உலகத்துக்கு விளங்கியது.

1843 இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் லோஸும் கில்பேட்டும் ஒரு கோதுமை வயலைத் துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு ஒன்றும் போடுவதில்லை, ஒன்றுக்கு மாட்டெரு, மற்றவைக்கு வெவ்வேறு கனியுப்புகள். புரோட்பால்க் என்ற அந்தப் பரிசோதனை இன்றுவரை நடக்கிறது. அதில் இரு தரப்புக்கும் ஒரு பாடம் இருக்கு. மாட்டெரு போட்ட துண்டு பல பத்தாண்டுகளாக இரசாயனப் பசளைத் துண்டோடு கிட்டத்தட்டச் சமமாகவே விளைந்தது. ஆகவே சேதனப் பசளையால் முடியாது என்பது பொய். ஆனால் அதற்குப் போட்ட எரு, ஒரு ஹெக்டெயருக்கு வருசம் 35 தொன். அவ்வளவு எரு யாரிடம் இருக்கு என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு 19 ஆம் நூற்றாண்டின் பதில் பேரரசும் வணிகமும். பெருவின் சின்சாத் தீவுகளில் மலையாகக் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தை வெட்டிக் கப்பலேற்றினார்கள். அதை வெட்டியவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத்தில் பிடித்துவரப்பட்ட சீனத் தொழிலாளர்கள், பலர் அங்கேயே செத்தார்கள். அதே பத்தாண்டுகளில்தான் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எச்சம் முடிய, அட்டகாமாப் பாலைவனத்து வெடியுப்பு. அந்தப் பாலைவனத்துக்காக 1879 இல் சிலி, பெருவோடும் பொலிவியாவோடும் போருக்குப் போனது. பொலிவியா தன் கடற்கரையையே இழந்தது.

1909 இல் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார், 1913 இல் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருசம் உலகப்போர். பசளைக்குச் செய்த அமோனியா வெடிமருந்துக்குப் போனது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேரின் சாப்பாடு இந்த முறையில் கிடைத்த நைதரசனில்தான் தங்கியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். பயிரை வளர்ப்பதும் குண்டாக வெடிப்பதும் ஒரே பொருள். இதை ஜெர்மனிக் கதையாக மட்டும் எங்களால் வாசிக்க முடியாது.

எங்களுக்கு இது முதல்தரம் இல்லை

1990 இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு, வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் மண்ணெண்ணெய், மின்கலம், சீமெந்து என்பவற்றோடு இரசாயனப் பசளையும் இருந்தது. காரணம் ஒப்பாவின் காரணம்தான்: வெடிக்கும். எங்கட பெற்றோர் அந்தப் பட்டியலோடு வளர்ந்தவர்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓடாது, யூரியா இல்லாமல் புகையிலையும் வெங்காயமும் எப்படி? அந்த நாட்களில் பழைய அறிவு திரும்ப வேலைக்கு வந்தது என்று வீட்டில் சொல்லுவினம். பனையோலையை வெட்டித் தாழ்த்தினது, பூவரசங்குழையும் கிளிசரிடியாக் குழையும் புதைத்தது, ஆட்டுப்பட்டி அடைத்தது, சாம்பலைக் கூட வீணாக்காமல் போட்டது.

அவை வெறும் பாட்டன்கதை இல்லை. கிளிசரிடியா ஒரு அவரைக்குடும்ப மரம். அதன் வேர்முடிச்சுகளில் இருக்கிற பற்றீரியா காற்று நைதரசனைப் பிடித்துக்கொடுக்கிறது என்பதை ஹெல்றீகல், வில்பார்த் என்ற இரு ஜெர்மனியர் 1880 களில் அவரையினச் செடிகளில் நிரூபித்தார்கள். சாம்பலில் பொற்றாசியம் இருக்கு. ஆனால் இதை அழகான தற்சார்புக் கதையாக மாற்றிவிட எங்களுக்கு மனமில்லை. அது தெரிவு இல்லை, தடை. வேறு வழியில்லாமல் செய்த ஒன்றை, பிறகு யாரோ மேடையில் நின்று 'எங்கள் மரபு' என்று மெச்சுவது வேறு.

அதனால் 2021 சித்திரையில் அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப்போவதாகச் சொல்லி, வைகாசி 6 ஆம் திகதி வர்த்தமானியும் வந்தபோது, எங்கட ஊர்களில் வயதானவர்கள் அதை ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் போலத்தான் பார்த்தார்கள். 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருசத்தில் மாறுவதாகத்தான் இருந்தது. நடந்தது ஒரே போகத்துக்குள். சிறுநீரக நோய் பற்றிய பயம் உண்மையான பயம், டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததும் உண்மை. ஆனால் பயிருக்கு இரண்டும் தெரியாது.

கணக்கைப் பாருங்கோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஒரு அந்தர், அதாவது 50 கிலோப் பையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் ஒன்றரை வீதம் என்று வைத்தாலும், அதே 23 கிலோவுக்கு ஒன்றரைத் தொன் வேண்டும். அதுவும் உடனே கிடைக்காது. எருவில் இருக்கிற நைதரசனை நுண்ணுயிர்கள் மெல்லமெல்ல உடைத்து விட்டால்தான் வேர் எடுக்கும். மூன்றரை மாத நெல்லுக்கு மட்டம் வெடிக்கிற அந்தச் சில கிழமைகள்தான் முக்கியம். அப்ப கிடைக்காதது பிறகு கிடைத்துப் பயனில்லை. கார்த்திகைக் கடைசியில் தடை நீங்கியது, ஆனால் வர்த்தமானி வேரால் ஏறாது. அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. மலையகத்தில் இன்னொரு விதமாக அடித்தது. தேயிலையில் அறுவடையே இலைதான், நைதரசன் குறைந்தால் முதலில் குறைவது கொழுந்து. நிர்ணயித்த கிலோ எட்டாவிட்டால் முழுநாள் சம்பளம் இல்லாதவர்களின் கூடையில்தான் அந்த 2 அவுன்ஸ் குறைந்தது.

கிணற்றுக்குள் போன மிச்சம்

இதை எழுதிவிட்டு 'ஆகவே யூரியா வாழ்க' என்று முடிப்பது லேசு. ஆனால் யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்ல ஏலாது. சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே மெல்லிய செம்மண். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வேருக்குத் தேவையானதைவிட அள்ளிப்போட்ட நைதரசன், நைத்திரேற்றாகி நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. குடாநாட்டின் பல தோட்டக் கிணறுகளில் அது குடிநீருக்கு ஏற்ற அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது பல வருசமாகச் சொல்லப்படுகிற விசயம். எங்களிடம் வேறு ஆறில்லை, அந்தக் கிணற்றைத்தான் குடிக்கிறோம். நெல்லுக்கும் கூடினால் கேடு. பயிர் உயர்ந்து சாயும், எரிபந்த நோயும் பூச்சியும் விரும்பி வரும்.

தடைசெய்தவர்களும் அள்ளிப்போடச் சொன்னவர்களும் ஒரே பிழையைத்தான் விட்டார்கள் என்று எங்களுக்குப் படுகிறது. இருவருமே பயிரைக் கேட்கவில்லை. எவ்வளவு, எப்ப, எந்த மண்ணில் என்ற கேள்விகள் கொழும்பில் ஒரு மேசையில் வைத்து முழு நாட்டுக்கும் ஒரே விடையாகத் தீரக்கூடியவை இல்லை. ஹெல்மொன்ற், ஹேல்ஸ், லோஸ் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: செடியோட பொறுமையாக நின்று, வருசக்கணக்காக நிறுத்துப் பார்த்தது. பெரியப்பா செய்ததும் அதுதான். அவரிடம் தராசு இல்லை, இலை இருந்தது.

அந்த மாசியில் வயல் வெட்டினபோது பதர்தான் கூட. வித்து நெல்லுக்கு ஒதுக்கியதுபோக வீட்டுக்கு வந்தது கொஞ்சம். அடுத்த பெரும்போகத்துக்கு அவர் யூரியாவும் போட்டார், வரம்பில் கிளிசரிடியாவும் நட்டார். ஏன் இரண்டும் என்று கேட்டதற்கு, "இனி எவன் எப்ப எதைத் தடைசெய்வானெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார்.

1990 களில் பசளையில்லாமல் தோட்டம் செய்தவர்கள் இப்ப அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். என்ன குழை, எவ்வளவு, எந்தப் பயிருக்கு எப்ப தாழ்த்தினார்கள், எது சரிவந்தது, எது பிழைத்தது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. அதை அவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்கட வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு வையுங்கோ.